பெரியவர்களுக்குப் பணப் பாடம்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகள்

மகளிர் குழுக்களிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நடைபெறும் நிதிக் கல்வி வகுப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததையொட்டி, நீலகிரி மாவட்ட வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் தாங்களே வகுப்பு நடத்துகிறவர்கள். எனவே எதைக் கற்பிப்பது என்பதைவிட எப்படிக் கற்பிப்பது, கற்பிக்கும் முறையை எப்படிச் செப்பனிடுவது என்பதே அவர்களுடைய கவலையாக இருக்கிறது. அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், கோத்தகிரி வட்டாரத்தில் மகளிர் குழுக்களுக்குச் சேமிப்பு, வட்டி, காப்பீடு பற்றி வகுப்பெடுத்து வருகிறேன். கவனமாகக் கேட்கிறார்கள், கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறார்கள். ஆனால் சில மாதம் கழித்து விசாரித்தால், அவசரத்துக்குப் பழையபடியே அதிக வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். என் பாடத்தில் எங்கே குறை?
— வாசகர், கோத்தகிரி

பதில்: பாடத்தின் பொருளில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அது தொடங்கும் இடத்திலும் நடத்தப்படும் காலத்திலும்தான் மாற்றம் தேவைப்படுகிறது. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது பத்தாண்டு கழித்துப் பயன்பட்டாலும் போதும். நாற்பது வயதுப் பெண்ணுக்கோ இந்த மாதமே எடுத்தாக வேண்டிய முடிவு ஒன்று கண்முன் நிற்கிறது. பெரியவர்கள் தங்கள் அனுபவத்தோடு வகுப்புக்கு வருகிறார்கள், தங்களுக்கு எதிர்ப்பட்டுள்ள சிக்கலைத் தீர்க்க உதவுவதையே கற்க விரும்புகிறார்கள் என்று மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலேயே வலியுறுத்தினார். முதியோர் கல்வியில் இது பழைய பாலபாடம் என்றாலும், நிதிக் கல்விக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. வங்கி அனுபவம் உள்ளவர்கள் வகுப்பெடுக்கும்போது, சேமிப்புக் கணக்கு, வைப்புத் தொகை, கடன், காப்பீடு என்று வங்கியின் வரிசையிலேயே பாடம் போய்விடுகிறது. கேட்கிறவர்களுடைய ஆண்டு வேறு வரிசையில் ஓடுகிறது.

வட்டிப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதிப் போடுகிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பழக்கமானது ‘நூற்றுக்கு ரெண்டு’, ‘நூற்றுக்கு அஞ்சு’ என்ற மாதக் கணக்கு. பன்னிரண்டு என்பது இரண்டைவிடப் பெரிது என்பதே அவர் காதில் முதலில் விழுகிறது. சதவீதத்துக்கு விளக்கம் சொல்வதற்கு முன்பாக, 10,000 ரூபாய்க் கடனை ஒரு கிண்ணம் அவரை விதையாகப் பாவித்து, மாதா மாதம் எவ்வளவு வெளியே போகிறது என்று அவர்களையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அசல் அப்படியே நிற்க வட்டியை மட்டும் கட்டிவந்தால், நூற்றுக்கு இரண்டில் ஆண்டுக்கு 2,400 ரூபாயும் நூற்றுக்கு ஐந்தில் 6,000 ரூபாயும் போய்விடும். வங்கியின் 12 சதவீதத்தில் அசலும் வட்டியும் சேர்ந்த சம தவணையாகப் பன்னிரண்டு மாதத்தில் கட்டி முடித்தால், மொத்த வட்டி ஏறத்தாழ 660 ரூபாய்தான் என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்போது, அந்த எண் அவர்களுடைய சொந்தக் கணக்காகிவிடுகிறது. அடுத்த வகுப்பில், குறைந்து வரும் அசலுக்கு வட்டி போடாமல் தொடக்கத் தொகைக்கே கடைசிவரை 12 சதவீதம் போடும் கடனை எடுத்துக்கொள்ளலாம். அதில் மொத்த வட்டி 1,200 ரூபாய். உண்மையில் அது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டிக்குச் சமம். இரண்டு கடன்களின் தவணை அட்டைகளிலும் ‘12’ என்றே அச்சிட்டிருக்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அவர்கள் அதிக வட்டிக்குப் போனால், அதை அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. தனியாரிடம் இரவு எட்டு மணிக்கும் பணம் கிடைக்கிறது. வங்கிக்குப் போக ஒரு நாள் கூலி போய்விடும். பேருந்துக் கட்டணம் வேறு. கையெழுத்துப் போடவேண்டிய இன்னொருவர் அன்று ஊரில் இல்லாமலும் போகலாம். ஆகவே கடனைப் பற்றிய பாடம் கடன் தேவைப்படும் நாளுக்கு முன்பே நடந்தாக வேண்டும். உங்கள் வட்டாரத்தில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தேயிலைக் கொழுந்து எந்த மாதங்களில் பெருகும், டிசம்பர், ஜனவரி உறைபனியில் எப்படிச் சுருங்கும், தொழிற்சாலையிலிருந்து இலைப் பணம் எப்போது வரும், உரத்துக்கு வாங்கிய முன்பணம் எப்போது பிடித்தம் செய்யப்படும், ஜூன் மாதப் பள்ளிச் செலவு, ஊர்த் திருவிழா, கல்யாணம் ஆகியவை எந்த மாதங்களில் வரும் என்பதையெல்லாம் பன்னிரண்டு கட்டங்கள் வரைந்து அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். வரவு மெலிந்து செலவு பெருத்திருக்கும் மாதம் எது என்பது அதிலே தெரிந்துவிடும். ஜூனில் பணமுடை வரும் என்று தெரிந்தால், குழுவின் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குத் தரும் உள்கடனுக்கு ஏப்ரல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடலாம். காப்பீட்டு வகுப்பை, பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கான தொகை வங்கிக் கணக்கில் பிடித்தம் செய்யப்படும் மே மாதத்திலும், சேமிப்பு வகுப்பை இலைப் பணம் கைக்கு வரும் வாரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே வரிசையில் போகும் பாடத்திட்டத்தைவிட இதை நான் பெரிதும் நம்புகிறேன்.

கேள்வி: நிதிக் கல்வியால் எந்தப் பயனும் இல்லை என்று உலக அளவிலான ஆய்வே சொல்லிவிட்டதாக ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அது உண்மையானால், எங்கள் விவசாயிகள் சங்கம் இதற்காக ஏன் நேரம் செலவிட வேண்டும்?
— சிறு தேயிலை விவசாயி, குன்னூர்

பதில்: அவர்கள் குறிப்பிட்டது 2014-ஆம் ஆண்டு ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் என்ற மூவர் வெளியிட்ட தொகுப்பாய்வாக இருக்க வேண்டும். அதுவரை நடந்த 201 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த அவர்கள், மக்களின் பணப் பழக்கங்களில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை மட்டுமே நிதிக் கல்வியால் விளக்க முடிகிறது என்று கண்டார்கள். பல மணி நேரம் நடத்திய வகுப்பின் தாக்கமும் இருபது மாதம் ஆவதற்குள் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்பதும் அவர்கள் சொன்னதுதான். ஆனால் அதே கட்டுரையில், முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிக் கல்வியைத் தர வேண்டும் என்ற யோசனையும் இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் முதற்பாதியைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

பின்னர் 2022-இல் கைசர், லுசார்டி, மென்காஃப், அர்பன் ஆகியோர், குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பாடம் நடத்தி ஒப்பிட்ட 76 பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். 33 நாடுகளில் 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். அறிவிலும் பழக்கத்திலும் நிதிக் கல்வி நல்ல மாற்றத்தை உண்டாக்குகிறது என்பது அந்தத் தொகுப்பின் முடிவு. இடைப்பட்ட காலத்தில் பரிசோதனைகளின் தரமும் எண்ணிக்கையும் கூடியிருந்தன, பாடங்களும் மாறிவந்தன. எந்த வகுப்பு, யாருக்கு, எந்த முறையில் என்று கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும் என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புலப்படுவது.

முறை எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு டொமினிக்கன் குடியரசில் நடந்த பரிசோதனையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அங்கே சிறு வணிகர்களில் ஒரு பிரிவினருக்கு முறையான கணக்குப் பதிவியல் கற்பிக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குக் கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது போன்ற எளிய கைவிதிகள் மட்டுமே சொல்லித்தரப்பட்டன. முதற்பிரிவினரின் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கைவிதிகளைக் கற்றவர்களோ கணக்கைச் சீராக வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். உங்கள் சங்கத்தில் இலை விற்ற பணமும் வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் கலந்துவிடுவதால்தான் உரத்துக்கும் கவாத்துக்கும் நேரத்தில் பணம் இல்லாமல் போகிறது என்றால், பேரேடு எழுதக் கற்பிப்பதற்கு முன்பு, இலைப் பணம் வந்த அன்றே தோட்டச் செலவுக்கென ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடும் ஒரே ஒரு விதியை வகுத்துப் பாருங்கள்.

வேறொரு எச்சரிக்கையும் இந்தோனேசியாவிலிருந்து கிடைக்கிறது. அங்கே நிதி வகுப்பு நடத்தியதால் வங்கிக் கணக்குத் தொடங்கியவர்கள் பொதுவாகக் கூடவில்லை. கணக்குத் தொடங்கினால் சிறு தொகை தருவதாகச் சொன்னபோது கூடினார்கள். தடை அறிவில் இல்லாதபோது பாடம் அதைப் போக்காது. வங்கிக் கிளை தொலைவில் இருப்பதுதான் சிக்கல் என்றால், வங்கி முகவரை மாதம் ஒருமுறை ஊருக்கு வரவழைக்க உங்கள் சங்கம் எடுக்கும் முயற்சி பல வகுப்புகளைவிட மேலானது.

கேள்வி: கூடலூர்ப் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் தன்னார்வலராக இருக்கிறேன். பெரியவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவதும் தமிழ் அல்ல. எங்களுக்குத் தரப்பட்ட கையேடு முழுவதும் எழுத்தும் அட்டவணையுமாக இருக்கிறது. இதை வைத்து எப்படி நடத்துவது?
— வாசகி, கூடலூர்

பதில்: கையேட்டை உங்கள் தயாரிப்புக்கு வைத்துக்கொண்டு, வகுப்புக்கு வெறுங்கையோடு போகலாம். எழுத்தறியாதவர் கணக்கறியாதவர் அல்லர். அன்றாடக் கூலியிலும் மிளகு, தேன் விற்பனையிலும் அவர்கள் செய்கிற மனக்கணக்கைக் கேட்டறிவதிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் 1963-இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் கூலித் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தபோது, அவர்களுடைய வேலையிலும் வாழ்விலும் புழங்கிய சொற்களிலிருந்தே தொடங்கினார். நம் மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பாட்டையும் தெருக்கூட்டத்தையும் கொண்டு ஊர்களுக்குள் போனதும், புதுக்கோட்டையில் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தந்ததும் அந்த வழியில் வந்தவையே. இன்று 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் எழுத்தோடு நிதி எழுத்தறிவு ஒரு வாழ்க்கைத் திறனாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. திட்டம் இடம் தந்திருக்கிறது. அந்த இடத்தை எப்படி நிரப்புகிறோம் என்பது உங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது.

காப்பீடு என்ற கருத்தைக் கற்பிப்பது மிகவும் கடினம் என்று பயிற்றுநர்கள் சொல்வதுண்டு. பணம் கட்டுகிறோம், நோய் வராவிட்டால் அது திரும்பி வராது என்பதை ஏற்றுக்கொள்வது எளிதல்ல. உங்கள் பகுதியில் இதற்கு அருமையான முன்மாதிரி இருக்கிறது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அஸ்வினி மருத்துவ அமைப்பும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே பழங்குடிக் குடும்பங்களுக்கான சமூக மருத்துவக் காப்பீட்டை நடத்திவந்துள்ளன. அதில் பயன்பெற்ற ஒருவரையே அழைத்து, மருத்துவமனையில் சேர்ந்த நாளில் என்ன நடந்தது, செலவை யார் ஏற்றார்கள், தாம் எவ்வளவு கட்டியிருந்தார் என்று அவருடைய மொழியிலேயே சொல்லச் செய்யுங்கள். அதன் பிறகு, ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் திட்டத்தைச் சொன்னால் அது புதிய கருத்தாக இராது. இழப்பீடு கோருவதற்கு என்னென்ன தாள் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே வகுப்பில் ஒருமுறை நடித்துக் காட்டிவிடுங்கள். தொகை பிடித்தம் செய்யப்படுவது குடும்பத்தாருக்குத் தெரியாமலேயே இருந்துவிட்டால் அந்தக் காப்பீட்டால் யாருக்கும் பயனில்லை.

நாளடைவில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த இளம்பெண் ஒருவரிடம் வகுப்பை ஒப்படையுங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டால், எந்த இடத்தில் அவர் உங்கள் சொல்லை மாற்றிச் சொல்கிறார் என்பது தெரியும். அந்த மாற்றங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த கையேடு அதிலிருந்து பிறக்கும்.

கேள்வி: சமுதாய வளப் பயிற்றுநராக வேலை செய்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள் என்ற பதிவேடும் புகைப்படமும்தான் எங்களிடம் கேட்கப்படுகின்றன. பாடம் உண்மையில் மேம்படுகிறதா என்பதை நாங்களே எப்படி அறிவது?
— வாசகி, உதகமண்டலம்

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 முதல் தொண்டு நிறுவனங்களின் துணையோடு வட்டார அளவில் நிதி எழுத்தறிவு மையங்களை அமைத்துவருகிறது. 2020–2025 காலத்துக்கான தேசிய நிதிக் கல்வி வியூகமும் மதிப்பீட்டின் தேவையைச் சொல்லியிருந்தது. வகுப்பறை வாசலில் வந்து நின்று பார்க்கும்போது மட்டும் அந்த மதிப்பீடு வருகைப் பதிவேடாகச் சுருங்கிவிடுகிறது.

தேர்வு வைத்து அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. உலகம் முழுவதும் பயன்படும் மூன்று கேள்விகளை லுசார்டி, மிட்செல் என்ற பொருளியலாளர்கள் 2004-இல் வகுத்தார்கள். அவற்றுள் முதலாவது, 100 டாலரை ஆண்டுக்கு 2 சதவீத வட்டியில் போட்டு வைத்தால் ஐந்து ஆண்டு கழித்து 102 டாலருக்கு மேல் இருக்குமா, சரியாக 102 இருக்குமா, குறைவாக இருக்குமா என்பது. அதை அப்படியே ரூபாய்க்கு மாற்றிக் கேட்டால் நம் குழுக்களில் பலர் தடுமாறுவார்கள். ஆனால் அவர்களே ஏலச் சீட்டில் நிபுணர்கள். இருபது பேர் மாதம் 1,000 ரூபாய் போடும் 20,000 ரூபாய்ச் சீட்டை இரண்டாம் மாதமே 5,000 ரூபாய் தள்ளுக்கு ஒருவர் எடுத்தால், கைக்கு வரும் 15,000 ரூபாய்க்கு அவர் உண்மையில் எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறார், கடைசியில் எடுப்பவருக்கு என்ன மிச்சம் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். கேள்வியின் மொழியை அளக்கிறோமா, அவர்களுடைய அறிவை அளக்கிறோமா என்பதில் கவனம் வேண்டும்.

ஆகவே வாயால் சொல்லும் விடையைவிடக் கையால் செய்யும் செயலைப் பாருங்கள். குழுவின் தீர்மானப் புத்தகமும் உள்கடன் பேரேடும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வகுப்புக்கு முந்தைய ஆறு மாதத்தில் எந்தத் தேவைக்கு உள்கடன் வாங்கினார்கள், பிந்தைய ஆறு மாதத்தில் அது மாறியதா, சேமிப்புத் தவறிய மாதங்கள் குறைந்தனவா என்று அவர்களுடைய ஒப்புதலோடு அவர்களையே பார்த்துச் சொல்லச் செய்யலாம். வகுப்பின் முடிவில் புரிந்ததா என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்பார்கள். இன்று வராத உங்கள் நாத்தனாருக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். எந்த இடத்தில் திணறுகிறார்களோ அந்த இடம்தான் உங்கள் பாடத்தில் திருத்த வேண்டிய இடம்.

புதிய முறை ஒன்றைச் சோதிக்க விரும்பினால், எல்லாக் குழுக்களிலும் ஒரே நாளில் தொடங்காமல், பெயர்களைக் குலுக்கிப் போட்டுப் பாதிக் குழுக்களுக்கு இந்தக் காலாண்டிலும் மீதிக்கு அடுத்த காலாண்டிலும் நடத்துங்கள். யாருக்கும் பாடம் மறுக்கப்படவில்லை. ஆனால் மூன்று மாத இறுதியில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர்மையான வழி கிடைத்துவிடுகிறது. நீங்களே விருப்பம்போல் குழுக்களைத் தேர்ந்தெடுத்தால் சுறுசுறுப்பான குழுக்களே முதலில் வந்துவிடும், ஒப்பீடு கெட்டுவிடும். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பயிற்றுநர்கள் சேர்ந்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் கேட்பவர்களின் முகத்தை மட்டும் கவனித்துக் குறிப்பெழுதுவது இன்னும் எளிது. அதற்கு அனுமதியோ நிதியோ தேவையில்லை.

கேள்வி: இப்போது எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாதா? தனியே வகுப்பு எதற்கு?
— வாசகர், பந்தலூர்

பதில்: காணொளியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை, அது ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் பேசாது. ஆனால் அகமதாபாத்தில் ஏழை எளிய மக்களிடம் காணொளி வழியே நிதிக் கல்வி தந்து பார்த்த ஆய்வு, காணொளி மட்டும் தந்தபோது பழக்கம் மாறவில்லை என்றும், ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொள்ளச் செய்து, தனித்தனியே ஆலோசனையும் சேர்த்தபோதுதான் மாறியது என்றும் காட்டியது. எனவே காணொளியை அனுப்புங்கள். அந்த வாரமே ஒருவராவது நேரில் பேசுங்கள்.

மோசடியைப் பற்றிய பாடத்துக்குக் காணொளி போதவே போதாது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று அதட்டலும் அவசரமுமாக ஒரு குரல் பேசும்போது எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அந்த அழைப்பை வகுப்பிலேயே நடித்துக் காட்டுங்கள். மோசடிக்காரராகப் பேசுபவர் நன்றாகவே மிரட்டட்டும். எதிரே இருப்பவர் பதில் சொல்லாமல் துண்டிக்கப் பழகட்டும். ஒரு ரூபாய் அனுப்பியும் பெற்றும் பார்க்கட்டும். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை அவரவர் கைப்பேசியில் அவரவரே பதிந்த பிறகே வகுப்பை முடியுங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்புக்குப் பெண்கள் மட்டும் வருகிறார்கள். கேட்டதை வீட்டில் போய்ச் சொன்னால் எடுபடுவதில்லை என்கிறார்கள். கணவரையும் கட்டாயமாக வரச் சொல்லலாமா?
— வாசகி, மஞ்சூர்

பதில்: கட்டாயம் வேண்டாம், கணவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்ளும் பெண்களும் உண்டு. அகமதாபாத்தில், பெண் தொழிலாளர்களின் கூட்டுறவு வங்கியான சேவா வங்கியின் வாடிக்கையாளரான பெண்களுக்கு இரண்டு நாள் தொழிற்பயிற்சி அளித்தபோது, சிலரைத் தனியாகவும் சிலரை ஒரு தோழியோடும் அழைத்தார்கள். தோழியோடு வந்தவர்கள் பின்னர் தொழிலில் கூடுதலாக ஈடுபட்டார்கள். அவர்களுடைய குடும்ப வருமானமும் உயர்ந்தது. கற்றதை நினைவூட்டவும், வீட்டில் தயங்கும்போது தெம்பூட்டவும் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார் என்பது சிறிய துணையல்ல. ஆகவே அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் தமக்கு நெருக்கமான ஒருவரை அழைத்துவர வேண்டும் என்று சொல்லுங்கள். அது தோழியா, மாமியாரா, மகளா, கணவரா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வீட்டுக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றையும் இருவருக்கும் சேர்த்தே கொடுங்கள்: இந்த மாதக் கடன் தவணைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு இருவருமாகக் கொண்டுவர வேண்டும்.